தானாகத் திரும்பி வந்த பிரேக்கை நம்பலாமா?

கேள்வி:

அண்ணா, வணக்கம். கெப்போங்கில் வீட்டு போர்ச்சிலேயே நானும் மச்சானும் சேர்ந்து இரண்டு சீட் ஓப்பன் கார் ஒன்று கட்டியிருக்கிறோம். சதுர இரும்புக் குழாயில் சேசிஸ் எங்கள் கைவேலை. பிரேக்கும் பின் ஆக்ஸிலும் பழைய கேஇ70 கொரோல்லாவுடையது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். என்ஜின், பழைய கார் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கிய டொயோட்டா ஃபோர்-ஏஜி. எடை கிட்டத்தட்ட 700 கிலோ. இடம் பற்றாததால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, பெடலை நாங்களே செய்து, மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பை நேராக மாட்டினோம்.

போன மாதம் லோரியில் ஏற்றி செப்பாங் ரேஸ் பாதையில் நடந்த டிராக் டேக்குக் கொண்டுபோனோம். காலையில் பெடல் கல்லாக இருந்தது, தொட்டதும் பிடித்தது. நான்காவது சுற்றில் காரின் இழுவை குறைந்த மாதிரி இருந்தது, முன்பக்கம் கருகல் வாடை. ஐந்தாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதை முடிந்து கடைசி வளைவுக்குப் பிரேக் போட்டால் பெடல் அப்படியே தரையில் படுத்துவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்தும் ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சரளைக்குள் போய் நின்றோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டி. எங்கேயும் ஒழுகல் இல்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் மாஸ்டர் பம்ப் போய்விட்டது என்று புதிது போட்டார்கள். இப்போது தாமானுக்குள், குடியிருப்புத் தெருவில், ஓட்டினால் நன்றாகப் பிடிக்கிறது. அடுத்த மாதம் மறுபடி செப்பாங் போகலாமா? ரோட்டிலும் ஓட்டலாமா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். செப்பாங் போவதற்கு முந்தின நாள், பெடல் லேசாக ஆடுகிறது என்று மச்சான் சொன்னதால் பெடலிலிருந்து பம்ப்பைத் தள்ளும் ராடைத் திருகி ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டோம்.

பதில்:

தம்பி, இரண்டு பேரும் முழுசாக வெளியே வந்தீர்களே, அது போதும். இனி காரைப் பற்றிப் பேசலாம்.

இப்போது இருக்கிற நிலையில் அந்தக் காரைச் செப்பாங்குக்குக் கொண்டுபோகக் கூடாது. பம்ப் மாற்றியதில் உங்கள் கோளாறு தீர்ந்திருக்காது. தாமானுக்குள் 30, 40 வேகத்தில் பிடிக்கிறதே என்றால், போன தடவையும் முதல் மூன்று சுற்று நன்றாகத்தானே பிடித்தது? பெடல் போய், தானாகத் திரும்பி வந்தது என்றால் உள்ளே எதுவும் சரியாகிவிடவில்லை. சூடு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக் போச்சு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, பெடல் எப்படிப் போனது என்பதைத்தான். பெடல் கெட்டியாகவே இருந்து கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் கருகியிருக்கும், இல்லை பேடில் எண்ணெய் பட்டிருக்கும், பூஸ்டர் இருக்கிற காரில் பூஸ்டர் காற்று இழுக்காமல் போயிருக்கும். சிக்னலில் மிதித்து வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் பம்ப்பின் ரப்பர் தேய்ந்திருக்கும். லைன் வெடித்தாலோ ஹோஸ் கிழிந்தாலோ பெடல் ஒரேயடியாகப் போகும், ஆனால் தரையில் எண்ணெய் கிடக்கும், திரும்பி வராது. முதல் மிதி ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் எழும்பி வந்தால் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன்; வளைவில் டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். லைனில் காற்று இருந்திருந்தால் காலையிலேயே பெடல் ஸ்பிரிங் மாதிரி மெத்தென்று இருந்திருக்கும். உங்களுக்கு இது எதுவும் பொருந்தவில்லை. சூடானபோது போனது, ஆறியதும் வந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

கொதித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய் நசுங்காது, ஆவி நசுங்கும். பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற கேலிப்பருக்குள் கொஞ்சம் ஆவி சேர்ந்தாலும் நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும், பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் எழும்பும்.

ஆனால் கொதித்தது என்று சொல்லி இங்கே நிறுத்தினால், நல்ல ஆயில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றிவிட்டு மறுபடி கிளம்பிவிடுவீர்கள். 700 கிலோ கார் ஐந்தே சுற்றில் ஏன் கொதிக்க வேண்டும்? செப்பாங் பிரேக்குக்குக் கஷ்டமான இடம்தான், மறுக்கவில்லை. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, கடைசி வளைவுக்கு முன்னால் நீளமான நேர்ப்பாதை. 160 வேகத்தில் வருகிற உங்கள் காரை 60-க்கு இறக்கினால், கிட்டத்தட்ட 2 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அந்தச் சில வினாடிக்குள் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் போகிறது. இருந்தாலும் அந்தப் பிரேக் உங்கள் காரைவிட எடை கூடின கொரோல்லாவுக்காகச் செய்தது. வேறு எங்கிருந்தோ சூடு சேர்ந்திருக்கிறது. காரின் இழுவை குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது என்ஜின் சோர்வு இல்லை. நீங்கள் காலை எடுத்த பிறகும் முன் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. ராடைத் திருகி ஆட்டமே இல்லாமல் செய்தோம் என்றீர்களே, அதுதான்.

மாஸ்டர் பம்ப்புக்குள், பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும் இடத்துக்கு ஒட்டி முன்னால் ஊசித் துளை ஒன்று இருக்கும். மேலே ஆயில் டப்பாவுக்குப் போகிற வழி அது. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்னால் வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் லைனில் மிச்சமிருக்கும் அழுத்தம் வெளியேறும், சூட்டில் பெருகுகிற எண்ணெயும் டப்பாவுக்குத் திரும்பும். ராட் நீளமாகிவிட்டால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ முன்னாலேயே நின்றுவிடும், துளை மூடியே கிடக்கும். குளிர்ந்த நிலையில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெடல் தொட்டதும் பிடிக்கிறது என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். பல தடவை பலமாகப் பிரேக் போட்டதும் எண்ணெய் சூடாகிப் பெருகும், போக வழியில்லை, பேடைத் தள்ளும். பேட் உரசும், இன்னும் சூடு, இன்னும் பெருக்கம். பின் டிரம்மில் ஷூவை இழுத்து வைக்க ஸ்பிரிங் இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். முன் டிஸ்க்குக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் வாடை முன்பக்கம் வந்தது.

வொர்க்‌ஷாப்பில் பம்ப்பை மாற்றியவர் ராடைத் தொட்டிருக்க மாட்டார். பழைய பம்ப் இருந்த இடத்தில் புது பம்ப், அதே நீள ராட், அதே மூடிய துளை.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். கார் நன்றாக ஆறியிருக்கும்போது பெடலையும் ராடையும் சேர்க்கிற பின்னைக் கழற்றுங்கள். பெடலைத் தன் இருப்பிடத்திலேயே விட்டுவிட்டு, ராடின் ஓட்டை பெடலின் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். ராடைக் கொஞ்சம் உள்ளே அமுக்கினால்தான் பின் நுழையும் என்றால் விஷயம் முடிந்தது, ராட் நீளம். அப்புறம் பின்னைப் போட்டுவிட்டு ஆயில் டப்பா மூடியைத் திறந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மச்சானை உட்காரவைத்து பெடலைக் கையால் மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கிற துளையிலிருந்து, பெடல் நகர ஆரம்பிக்கிற அந்த முதல் நொடியில், எண்ணெய் மெல்லியதாகக் கொப்பளித்து மேலே வர வேண்டும். சின்னச் சுழிப்புதான், கண் இமைத்தால் தவறிவிடும். அது வரவே இல்லை என்றால் துளை மூடியிருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. கார் சூடாகி முன் சக்கரம் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பம்ப்பைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டையும் இரண்டு மில்லிமீட்டர் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விட்டால் ராடோ பெடலோதான் காரணம். விடவில்லை என்றால் கேலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறங்கள். எண்ணெய் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விட்டால் அழுத்தம் நடுவழியில் எங்கேயோ மாட்டியிருக்கிறது. பழைய ஹோஸ் உள்ளே ஊதிப்போய் அடைத்திருக்கலாம். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் கேலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துரு ஏறி இறுகிவிட்டது.

சரி செய்வது சுலபம். பெடல் முழுதாகத் திரும்பி நிற்கும்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுங்கள். பூஸ்டர் இல்லாததால் பெடலை ஆறுக்கு ஒன்று கணக்கில் (காலடி ஆறு மில்லிமீட்டர் போனால் ராட் ஒரு மில்லிமீட்டர்) செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கால் வைக்கிற இடத்தில் 3 முதல் 6 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். மச்சான் குறை சொன்ன அந்த ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். லாக் நட்டை இறுக்கி, பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தளர்ந்தால் தெரியும். பிரேக் லைட் சுவிட்சையும் பாருங்கள். கையால் செய்த பெடலில் அந்தச் சுவிட்சே பெடலுக்கு முட்டாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். லைட் அணைய வேண்டும் என்று அதை உள்ளே திருகித் திருகி பெடலையே முன்னால் தள்ளிவிடுவார்கள்.

இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

உங்கள் மாஸ்டர் பம்ப் இரட்டைப் பம்ப். முன் சக்கரத்துக்கு ஒரு லைன், பின் சக்கரத்துக்கு ஒரு லைன். முன்னால் கொதித்துப் போனாலும் பின்னால் இருக்கிற டிரம் பிடித்திருக்க வேண்டும். அதற்காகத்தானே இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்? ஹேண்ட்பிரேக் இழுத்ததும் கார் வேகம் குறைந்ததே, ஆக டிரம்மில் கோளாறு இல்லை. பெடல் அந்த டிரம்முக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

பெடலுக்கு இடம் போதவில்லை என்பது என் முடிவு. ஒரு லைன் போனால் பம்ப்புக்குள் ஒரு பிஸ்டன் வெறுமனே ஓடி, எதிலாவது போய் முட்டி நின்ற பிறகுதான் அடுத்த லைனில் அழுத்தம் ஏறும். அதற்குப் பெடல் வழக்கத்தைவிட ரொம்ப ஆழமாகப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்ப் பிஸ்டனின் முழு ஓட்டம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆறுக்கு ஒன்று பெடலில் காலடி 180 மில்லிமீட்டர் போக வேண்டும், கிட்டத்தட்ட ஒரு சாண். இடுக்கமான உங்கள் காரில் பெடலுக்குப் பின்னால் அத்தனை இடம் இருக்கிறதா? பெடல் தரையில் படுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தரையோ குறுக்குக் குழாயோ பெடலை அங்கேயே தடுத்திருக்கிறது. பின் பிரேக் அதற்கும் அப்பால் இருந்திருக்கிறது.

கம்பெனி காரில் இதை யாரோ ஒருவர் அளந்து வைத்திருப்பார். கட்டின காரில் அந்த ஒருவர் நீங்கள்தான். இரண்டு லைனும் ஒரே நேரத்தில் கைவிட்டால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். பெடல், ராட், பம்ப், ஆயில் இந்த நான்கும்தான் பொது. உங்கள் காரில் பெடலும் ராடும் உங்கள் கைவேலை.

இதற்கும் சோதனை உண்டு. பம்ப் புதிது என்பதால் தைரியமாகச் செய்யலாம். பழைய பம்ப்பில் செய்தால் ரப்பர் துருவில் உரசிக் கெட்டுப்போகும். காரை நான்கு ஸ்டாண்டிலும் ஏற்றுங்கள், ஜேக்கை மட்டும் நம்பி வேண்டாம். முன் கேலிப்பர் நிப்பிள் ஒன்றில் டியூப் மாட்டி, போத்தலில் விட்டு, நிப்பிளைத் திறங்கள். இப்போது முன் லைன் செத்த மாதிரி. பெடலை மெதுவாக மிதியுங்கள். ஆழமாகப் போகும், போகட்டும். தரையைத் தொடுவதற்கு முன்னால் அது கெட்டியாக வேண்டும், மச்சான் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றக்கூடாது. நிப்பிளை மூடிக் காற்றை எடுத்துவிட்டு, அதே மாதிரி பின் லைனைத் திறந்து முன் சக்கரம் பிடிக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் காரில் இருப்பது ஒற்றைப் பிரேக். பெடல் அச்சை நகர்த்தியோ, குறுக்குக் குழாயை வெட்டி வேறு இடத்தில் வைத்தோ இடம் உண்டாக்குங்கள். பெடல் விகிதத்தைக் குறைத்து ஓட்டத்தைச் சுருக்கலாமே என்று தோன்றும். பூஸ்டர் இல்லாத காரில் அப்படிச் செய்தால் மிதிக்கிற பலம் போதாமல் போகும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1 என்றால் 260, ஈரம் ஏறினால் 180. இவையெல்லாம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற ஆயில். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த போத்தலை ஊற்றாதீர்கள். டிராக்குக்குப் போகிற கார் என்றால் புதிதாகத் திறந்த நல்ல டாட் 4 போதும், ஆனால் பழையது முழுக்க வெளியே வரும் வரை நான்கு சக்கரத்திலும் மாற்றுங்கள். டாட் 5 என்று எழுதியது வேறு வகை, சிலிக்கன். பெயர் ஒத்திருக்கிறதே என்று அதைக் கலந்துவிடாதீர்கள்.

ஒரு தடவை அவ்வளவு சூடு பட்ட முன் பிரேக்கை அப்படியே விடக்கூடாது. கேலிப்பர் ரப்பர் கிட், பேட், முன் ஹோஸ் எல்லாம் புதிது போடுங்கள். டிஸ்க் நீலம் பாரித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வீல் பேரிங் கிரீஸ் உருகி ஓடியிருக்கும், பார்த்துவிடுங்கள். பிரேக் லைன், என்ஜின் புகைக் குழாயான எக்ஸ்டிராக்டருக்குப் பக்கத்தில் போகிறதா? ஒரு சாண் இடைவெளிகூட இல்லை என்றால் பாதையை மாற்றுங்கள், அந்தச் சூடும் ஆயிலைத்தான் கொதிக்க வைக்கும். லைனை ஏர்கான் செம்புக் குழாயில் செய்திருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது வெடித்தால் திரும்பி வராது. பிரேக்குக்கென்று விற்கிற குழாயில், முனையை இரட்டை மடிப்பாக அடித்துச் செய்யுங்கள்.

ரோட்டில் ஓட்டலாமா என்றால், கூடாது. தாமானுக்குள் ஓட்டியதையும் நிறுத்துங்கள், அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கேஇ70-இன் ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் அந்தக் கொரோல்லாவுக்குத்தான், நீங்கள் கட்டின சேசிஸுக்கு இல்லை. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் அதை ரோட்டில் இறக்குவது குற்றம். யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் உங்களைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

கார் கட்டாதவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், கெந்திங் மலையிலிருந்து டி கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிற குடும்பக் காரிலும் இதே ஆயில் இதே மாதிரிதான் கொதிக்கும். கியரைக் குறைத்து என்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அப்படிக் கொதித்த ஆயிலை மாற்றாமல் அடுத்த தடவை மலை ஏறாதீர்கள்.

தம்பி, எல்லாம் முடித்த பிறகு செப்பாங் போனால் முதல் தடவை மச்சானைப் பிட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகப் போங்கள். இரண்டே சுற்று, பாதி வேகம், திரும்பி வந்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், கியரை நியூட்ரலில் போட்டு, சமதரையில் காரை ஒருவர் கையால் தள்ளிப் பாருங்கள். லேசாக உருண்டால் அடுத்த இரண்டு சுற்றுக்குப் போகலாம். அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்தி, பம்ப் நட்டுக்கான ஸ்பேனரை எடுங்கள்.